உமிக்கரி அறை

எதிரொலி இல்லாத அறை ஒன்று வேண்டுமென்று
மூன்று வருடம் கடிதம் எழுதினேன்.
கொழும்பு பதில் போடவில்லை.
அதுவும் ஒருவகையில் எதிரொலி இல்லாத அறைதான்.

நிந்தவூர் அரிசி ஆலைக்கார முஸம்மில்
அறுவடை வரும்வரை வெறுமையாய்க் கிடந்த
பின்பக்கக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார்.
வாடகை வேண்டாம்,
பூனையை மட்டும் விரட்டாதீங்க என்றார்.

உமியைக் கருக்கிப் பிசினில் குழைத்துக்
கூம்பு கூம்பாய் வார்த்து ஒட்டினோம்
நானும் தர்ஷாந்தனும்.
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.
கதவைச் சாத்தினால்
கைபேசியின் கோடுகள் ஒவ்வொன்றாய் விழும்.
பூனை நடுவில் படுத்துக்கொள்ளும்.

அதன் தலைக்கு மேலே பலகை.
நகத்தளவு செப்புச் சதுரங்கள் பதினாறு,
நாலுக்கு நாலு,
ஒன்றிலிருந்து ஒன்று பதினாறு மில்லிமீற்றர்.
அது பேச வேண்டும்,
ஆனால் யாரும் அலை வீசித் தேடினால்
அகப்படக் கூடாது.
என் ஆய்வு, சுருங்கச் சொன்னால், அவ்வளவுதான்.

நன்றாகப் பேசும் அன்டெனா
நன்றாகவே காட்டிக்கொடுக்கும்.
செம்புக்கு இரகசியம் காக்கத் தெரியாது.
ஆகவே சதுரங்களை இரண்டு வகையாய் வெட்டித்
தாம் பலகைபோல் மாற்றி மாற்றி வைத்தேன்.
எட்டுக்குப் போகும் கம்பியை மட்டும்
அரை அலை நீட்டினேன்.
பேசும்போது பதினாறும் ஒரே குரல்.
வெளியிலிருந்து அலை மோதினால்
எட்டு, முகடாய்த் திருப்பும்.
எட்டு, பள்ளமாய்.
முகடு பள்ளத்தில் விழுந்து நிரவும்.
தேடியவன் திரையில்
காற்றில்லாத கடல்.

உண்மையில் எதுவும் அழிவதில்லை.
நாலு மூலைக்கும் சரிந்து ஓடிவிடுகிறது.
மூலையில் நிற்பவன் பார்ப்பான்.
இதைக் கட்டுரையின் அடிக்குறிப்பில்
சின்ன எழுத்தில் வைத்தேன்.

கோடு பதினொரு டெசிபெல் இறங்கிய மாலை
தர்ஷாந்தன் பிளேன்ரி வாங்கி வந்தான்.
கூடவே ஜுனைதீனும் வந்தார்,
ஒலுவில் ஆள், நெல் லொறியில் தொற்றிக்கொண்டு.

"ஒளிக்கிறது எங்களுக்கு என்னத்துக்கு மிஸ்?
எங்கட ஃபைபர் போட்டு
சும்மாவே ஒளிச்சுத்தான் இரிக்கி.
போன மாசம் நாப்பது பாகத்தில
கப்பல் ஒண்டு வலைக்கு மேலால போச்சு.
மௌத்துக்கும் எங்களுக்கும் ஒரு சாண்.
கம்புல அலுமினியச் சட்டி கட்டி இரிக்கம்.
சட்டி ஆடினா மறுகா தெரியிறல்ல.
தெரியிறதுக்கு ஒண்டும் இல்லையா?"

எனக்குப் பதில் வரவில்லை.
பதில் வராமல் இருப்பதில்தான் நான் நிபுணி.

பிளேன்ரி ஆறிப் பாடை கட்டிய பிறகு
தாளில் வேறு கம்பி வரைந்தேன்.
இடக்கோடியை வலக்கோடிக்கு,
மேல் மூலையை எதிர் மூலைக்கு,
ஒவ்வொன்றையும் நடுவுக்கு அப்பால் உள்ள தன் சோடிக்கு.
நீளம் எல்லாம் ஒன்றே.
அலை எந்தச் சரிவில் வந்தாலும்
வந்த வழியே திரும்பி
அனுப்பியவன் முகத்தில் போய் நிற்கும்.
பற்றரி வேண்டாம். பேசவும் வேண்டாம்.
பதினாறு போதாது,
இருநூற்று ஐம்பத்தாறு சதுரம்,
ஒரு சாணுக்குச் சற்றுக் கூட அகலம்.
நூற்று இருபத்தெட்டுக் கம்பிகள்.
எட்டு முறை பிழைத்தது.

ஒன்பதாம் முறை
கரையிலிருந்து மூன்று கடல்மைலில்
ஜுனைதீன் மச்சானின் பலநாள் படகு.
அதன் ராடார்த் திரைமுன் நான், வாந்தி எடுத்து முடித்து.
இருட்டுக்குள் எங்கோ அவருடைய போட்டு,
கம்பின் நுனியில் என் பலகை.

திரையில் அரிசிமணி அளவில் ஒரு புள்ளி.
போட்டு அலைப் பள்ளத்தில் இறங்கும்போது அணைகிறது.
எண்ணுகிறேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றில் மச்சான் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.
நாலு.
வருகிறது.